நாற்பத்தொன்றாம் எண் மாணவி

நாற்பத்தொன்றாம் எண் என்று ஒரு மாணவி எங்களிடம் இருந்தாள். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று துறையினர் கேட்டபோது, ஆய்வு முறை, மாதிரி அளவு, எந்த இதழுக்கு எதை அனுப்பலாம் என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லலாமே என்று நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டேன்.

நான் வேதியியல் ஆசிரியை. பணியின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கைப்பேசி விளையாட்டு வழிக் கற்றல் என்ற ஆராய்ச்சிக்குள் வழிதவறி வந்தவள். பகல்கனவு காண்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டின்மேல் கானல் ஓடிக்கொண்டிருக்க, என் அறையில் உட்கார்ந்து நான் செய்த ஆராய்ச்சியில் பாதி கனவுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கனவுகளில் ஒன்று என் ஆய்வு மாணவியின் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தது, அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆய்வு மாணவியின் பெயர் ராஜேஸ்வரி, நாற்பத்தொன்று வேறு. என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எங்கள் கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளர் வேலை. வீட்டில் மூன்று வயதில் பெண் குழந்தை. பட்டம் வந்துவிட்டால் நிரந்தரப் பணி ஒன்று அவளுக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தந்திருந்த கால நீட்டிப்பும் முடியப்போகிறது. நான் சொல்லும் அந்த நாளில் அவளுக்கு மிச்சமிருந்தது இருபத்தேழு நாள். அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அந்த நிரந்தர வேலையும் கைவிட்டுப் போகும்.

அவள் செய்த விளையாட்டு எளிமையானது. வேதியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உப்பு ஆய்வு என்றாலே பயம். ஒரு வெள்ளைப் பொடியைக் கையில் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். அதையே ராஜேஸ்வரி கைப்பேசிக்குக் கொண்டுவந்தாள். திரையில் ஒரு பொடி. தண்ணீரில் போடலாம், அமிலம் விடலாம், தீச்சுடரில் காட்டலாம். தேவையில்லாத சோதனை செய்தால் ஒரு சோதனைக் குழாய் உடையும். பத்துக் குழாயும் உடைவதற்குள் உப்பின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சுடரின் நிறங்களுக்காக நானும் அவளும் ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, பேரியத்துக்கு ஆப்பிள் பச்சை, பொட்டாசியத்துக்கு இளம் ஊதா. அந்த ஊதா சரியாக வந்த அன்று எனக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை.

நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் விளையாட்டைத் தங்கள் போனில் இறக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்று தேடமாட்டோம் என்று எல்லோருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். ஒரு போனை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும், அடுத்தவர் போனில் விளையாடக் கூடாது என்று அறிவுறுத்தல் தாளில் மூன்றாவது வரியாக எழுதியது நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் தகவல் சேர்த்தோம், அதன் பிறகும் விளையாட்டு அவர்கள் போனிலேயே இருந்தது. தகவல் வர வர, நாற்பத்தொன்று தனியாகத் தெரிய ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் விளையாடி ஓய்ந்தபோது அவள் ஓயவில்லை. வைத்திருந்த நிலைகளையெல்லாம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுடர்ச் சோதனை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில். சில நாள் ஒன்பது குழாயை உடைத்துவிட்டுப் பத்தாவதில் சரியாகச் சொல்வாள். சில நாள் ஒரு குழாய்கூட உடையாது. ஒரு நாள் அவசரக்காரி, மறுநாள் நிதானக்காரி.

நான் அவளுக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டேன். திருச்சுழிக்குத் தெற்கே எங்கோ மிளகாய்க் காட்டோரம் வீடு. ஒற்றைப் பிள்ளை. பேச்சு அதிகமில்லை. கையில் போனோடு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, பச்சைச் சுடரையும் ஊதாச் சுடரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மத்தியான நேரங்களில் அவள் என் கண்முன்னால் நடமாடினாள் என்றே சொல்ல வேண்டும். ஆசிரியர் அறையில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். கருத்தரங்கில் படிக்க ஒரு கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

இன்னொரு பக்கம், பதினொரு எண்கள் இரண்டாம் வாரத்தோடு நின்றுபோயிருந்தன. தொடக்கத்தில் வாங்கிய படிவத்தில் அந்தப் பதினொருவரும் பெண், கிராமம், வீட்டுப் போன் என்று குறித்திருந்தார்கள். சொந்தமாகப் போன் இல்லாத கிராமத்து மாணவிகளுக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது என்பதுதான் ராஜேஸ்வரியின் ஐந்தாம் அத்தியாயம். ஆய்வேட்டின் முதுகெலும்பே அதுதான். முன்னால் வந்த கட்டுரைகளோடும் ஒத்துப்போனது. அழகாக அச்செடுத்து என் மேஜைமேல் வைத்திருந்தாள்.

நம் துறையில் வரும் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் உங்களுக்கே ஓர் அலுப்பு வரும். நாலு வாரம், ஆறு வாரம் விளையாட விடுவார்கள். முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு, கடைசியில் பிடித்திருந்ததா என்று ஒரு கேள்வித்தாள். பிடித்திருந்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். ஒரு காலத்தில் புள்ளியும் பதக்கமும் கொடுத்தால் ஆர்வம் கூடுமா என்று எல்லோரும் கேட்டோம். பிறகு கேமராவைக் காட்டினால் மேஜைமேல் மூலக்கூறு சுழல்வது வந்தது. இப்போது ஆளுக்கேற்றபடி கேள்வியைக் கூட்டிக் குறைக்கும் செயற்கை அறிவு. எல்லாம் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன் யார் கையில் இருக்கிறது, எங்கே வைத்து விளையாடுகிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு போன் என்றால் ஓர் ஆள். நானும் அப்படித்தான் எண்ணிப் பழகியிருந்தேன்.

இருபத்தேழு நாள் இருக்கும்போது புள்ளியியல் கணக்கை முடிக்க உட்கார்ந்தோம். நாற்பத்தொன்று ஒருத்தியே மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றாள். அன்றுதான் அவளுடைய பதில்களை ஒன்றொன்றாக, கனவில்லாமல் பார்த்தேன். சுடர்ச் சோதனையில் புலி. அடுத்த நிமிடமே, எந்த உப்பு தண்ணீரில் கரையும் என்ற அரிச்சுவடிக் கேள்வியில் திக்குமுக்காடுகிறாள். நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை. ஒரு மனுஷி இப்படி இருக்கவே முடியாது. யாரோ ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கனவு கலைந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"தூக்கிரு" என்றேன். "விலகிய மதிப்புன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டு அந்த வரியைத் தூக்கிரு."

ராஜேஸ்வரி கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குனா எல்லாம் அழகா வந்துருது மேடம். அதான் பயமா இருக்கு."

"பயப்படுறதுக்கு உனக்கு நேரம் இருக்கா? நாள எண்ணிப் பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் வராண்டா வரைக்கும் போகும். அவள் நோட்டைப் பிரித்தாள். ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள். நாற்பத்தொன்று விளையாடிய நேரங்களை மட்டும் வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

"இது பஸ்ஸு டைம் மேடம்" என்றாள். "பாருங்க, காலையில ஏழு பத்துக்கு ஆரம்பிக்குது. எட்டே முக்காலுக்குள்ள முடிஞ்சுருது. நடுவுல ஒரு இருபது நிமிசம் ஒண்ணுமே வராது. பெறகு மொத்தமா வந்து விழுகுது. டவரு கெடைக்காத எடத்துல பஸ்ஸு போகுது. சாயங்காலமும் அதே மாதிரிதான். லீவு நாள்ல ஒரு எழுத்துகூட இல்ல. நானும் தெனம் பஸ்ஸுல வாரவதான, எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சொந்தமாகக் கார் இருந்தது. நான் அந்த நேரங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதில் பஸ் தெரிந்ததே இல்லை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், ஆளைத் தேடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று சட்டம் பேசினேன். வரியைத் தூக்கு என்று சொன்ன வாயாலேயே நெறிமுறை பேசியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

"ஆளத் தேட வேணாம் மேடம். பஸ்ஸத் தேடுவோம்" என்றாள் ராஜேஸ்வரி.

எட்டே முக்காலை ஒட்டி எங்கள் கல்லூரி வாசலில் நிற்பது வீரசோழன் பஸ். மறுநாள் விடியற்காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து நாங்கள் இருவரும் எதிர்த்திசையில் போகும் முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். முந்தின சாயங்காலம் ஊருக்குப் போகாமல் அவள் என் வீட்டில்தான் தங்கினாள். வெளியே இன்னும் வெளிச்சம் வரவில்லை. சீமைக்கருவேலங்காடு கறுப்பாகக் கூடவே ஓடி வந்தது. திருச்சுழி தாண்டியதும் கிழக்கே வானம் வெளுத்து, ஓரத்தில் ஓர் இளம் ஊதாக் கோடு தெரிந்தது. பொட்டாசியம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் ராஜேஸ்வரி தூங்கிப்போயிருந்தாள். அவள் கையில் குழந்தையின் தலைமுடி ரப்பர் ஒன்று மாட்டியிருந்தது. இந்தப் பிள்ளையின் இருபத்தேழு நாளில் ஒரு நாளை இப்படிச் செலவழிக்கிறோமே என்று எனக்குப் பகீரென்றது.

வீரசோழனில் கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். ஏழு மணி வாக்கில் ஏறிய ஒரு பெண் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கள் கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பஸ் நகர்ந்ததும் பையிலிருந்து போனை எடுத்தாள்.

ராஜேஸ்வரி என் கையை அழுத்தினாள். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். நான் கொடுத்து வைத்திருந்த முகம் அது இல்லை. இவள் பக்கத்து இருக்கைக்காரியோடு ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியதில்லை, தெரிந்தவராக இருக்க வேண்டியதும் இல்லை. ஏறியவுடன் பையை நீட்டினால் ஏதாவது ஒரு மடி வாங்கிக்கொள்ளும். நரிக்குடியில் நாலு பிள்ளைகள் ஏறினார்கள். நாலு பையும் அந்தப் பெண்ணின் மடிக்குப் போயின. அடுத்தடுத்த நிறுத்தங்களில் இன்னும் சில. திருச்சுழி வந்தபோது அவள் முகவாய்க்கட்டை வரைக்கும் பைகள். அந்தப் பைகளின் உச்சியில் போன். அவளால் அசைக்க முடிந்தது கட்டை விரலை மட்டும்தான்.

அவள் விளையாடவில்லை. வாசித்தாள்.

"வெள்ளப் பொடி. தண்ணியில கரையுது. அடுத்து என்ன புள்ள?"

"ஆசிட்டு விடு" என்றது கம்பியைப் பிடித்து நின்ற ஒரு குரல்.

"வேணாம், குழாய் ஒடையும். முன்னாடி ஒடஞ்சுச்சுல்ல. சுடர்ல காட்டு."

"கற்பகத்துக்கு எப்பப் பாத்தாலும் சுடருதான்."

"காட்டு சொல்றேன்."

ஜன்னலோரப் பெண் கட்டை விரலால் தொட்டாள். போனை மெல்லச் சாய்த்துக் காட்டினாள். நின்றுகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்தன.

"பச்சை" என்றாள்.

டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த நடத்துநர் அந்தக் கூட்டத்தில் வழி கிடைக்காமல் நின்றார். நாற்பது வயது மதிக்கலாம். விரலிடுக்கில் சில்லறையோடு எட்டிப் பார்த்தார்.

"பேரியமாத்தாம்மா இருக்கும். செவ்வாக்கெழமையும் இந்தப் பச்சதான வந்துச்சு. தள்ளி நில்லுங்க, டிக்கெட்டு, டிக்கெட்டு."

பேரியம்தான். சத்தமில்லாமல் ஒரு மகிழ்ச்சி அந்தக் கூட்டத்துக்குள் ஓடியது. நான் கடைசி இருக்கையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சுடரில் புலி என்று நான் பார்த்தது கற்பகம். அவள் லீவு போட்ட நாளில்தான் நாற்பத்தொன்றுக்குச் சுடர் தெரியவில்லை. நிதானக்காரி ஒருத்தி, அவசரக்காரி வேறொருத்தி, அரிச்சுவடிக் கேள்வியில் தடுமாறியது வேறு யாரோ. நடத்துநர்கூட என் ஆய்வுத் தகவலில் இருந்தார். இத்தனை பேரைச் சேர்த்து ஒருத்தியாக்கி, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை இல்லை என்று தெரிந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. நின்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அது மெல்லக் கரைந்து போயிற்று.

கல்லூரி வாசலில் இறங்கியதும் ராஜேஸ்வரி அவர்களிடம் பேசினாள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். ஜன்னலோரப் பெண்ணின் பெயர் ஷமீமா. துபாயிலிருக்கும் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அனுப்பிய போன் அது.

"மேடம், இன்டர்னல் மார்க்கக் கொறச்சுருவீகளா?" என்றாள். "அடுத்தவுக போன்ல விளையாடக் கூடாதுன்னு தாள்ல போட்டிருந்துச்சு. நாந்தான் குடுத்தேன். இவளுக மேல தப்பில்ல."

மூன்றாவது வரி. நான் எழுதியது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜேஸ்வரி கற்பகத்திடம் திரும்பினாள். "நீ இதை உன் போன்ல எறக்கலையா?"

"எறக்குனேன் மேடம். அது எங்க அண்ணன் போனு. லோடு ஏத்துற வேலைக்குப் போறப்ப கொண்டு போயிருவாரு. ரெண்டு வாரத்துல எடம் பத்தலன்னு அழிச்சுட்டாரு."

"அதோட விளையாட்ட விட்டுட்டியா?"

கற்பகத்துக்குக் கேள்வியே புரியவில்லை.

"எங்க மேடம் விட்டேன்? தெனமும் விளையாடுறேன்ல?"

பிள்ளைகள் தாங்களாகவே சொன்னதில், நின்றுபோன பதினொரு எண்களில் ஒன்பது அந்தப் பஸ்ஸில் நின்று வந்தவர்களுடையவை. மற்ற இரண்டு பேர் உண்மையிலேயே விட்டுவிட்டார்களா, வேறு ஏதாவது பஸ்ஸில் வேறு யாராவது மடியில் இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மத்தியானம் என் அறையில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் அத்தியாயம் பொய் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பொய் இல்லாமல் ஆய்வேடு நிற்காது. புதிதாக எழுதுவதென்றால் அந்தப் பிள்ளைகளின் சம்மதம் வாங்கி, பஸ்ஸிலேயே மாதக்கணக்கில் போய்ப் பார்த்து, முதலிலிருந்து வர வேண்டும். மிச்சமிருப்பது இருபத்தாறு நாள்.

"பாத்ததை இப்போதைக்கு மறந்துரு" என்றேன் நான். "வரியைத் தூக்கிட்டு முதல்ல சமர்ப்பி. பட்டம் வரட்டும், வேலை வரட்டும். அப்புறம் இதைத் தனிக் கட்டுரையா எழுதிக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல."

முப்பது வருட அனுபவம் உள்ளவள் சொன்ன ஆலோசனை அது. அவள்மேல் உள்ள அக்கறையில் சொன்னேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அக்கறையோடு சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது. அவள் அச்செடுத்த அத்தியாயத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது, கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அஞ்சாவது அத்தியாயத்த எடுத்துட்டேன் மேடம்."

"வேலை?"

"அது போயிரும். வீட்ல அவரும் சத்தம் போட்டாரு. ராத்திரி பூரா யோசிச்சேன். இவளுகளுக்கு ஆர்வம் இல்லன்னு எழுத கை வரல மேடம். ஒன்றரை மணி நேரம் நின்னுக்கிட்டே வாராளுக."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். முதலில் என்மேல் கோபமாகவும், பிறகு அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆய்வு வடிவமைப்பில் பெரும் பிழை, பிழை வழிகாட்டியுடையது, மாணவி அதைக் கண்டுபிடித்திருக்கிறார், எனவே அவருக்குக் கால அவகாசம் தர வேண்டும் என்று என் கையெழுத்தில் எழுதினேன். குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருட சர்வீஸில் இது தெரியாதா என்று என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் ஒருவர் கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு வருடம் கொடுத்தார்கள்.

நிரந்தரப் பணி வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்கு மாற்றே இல்லை, எதை எழுதியும் அதை நான் சமாதானப்படுத்த முடியாது. ராஜேஸ்வரி அந்த வருடம் முழுக்க, வாரத்தில் இரண்டு நாள் வீரசோழன் பஸ்ஸில் வந்தாள். எல்லாப் பிள்ளைகளிடமும் புதிதாகச் சம்மதம் வாங்கினாள். மூன்றாவது வரியை அடித்துவிட்டோம். யார் பதில் சொன்னது, யார் மறுத்தது, யார் சொல்லியும் யாரும் கேட்காமல் போனது என்று நோட்டில் குறித்தாள். அவளுக்கும் பல நாள் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதிய அந்த எழுத்துகளை அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது. டவர் கிடைக்காத அந்த இருபது நிமிடத்தில்தான் பேச்சு அதிகம் நடக்கிறது என்பது அவள் கண்டுபிடித்தது. சில நாள் நானும் கூடப் போனேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறும். காடு நழுவிப் போகும். பிள்ளைகள் நின்றபடி ஒரு சின்னச் சுடரைக் குனிந்து பார்ப்பார்கள். நான் கண்ட கனவைவிட அது நன்றாக இருந்தது.

வாய்மொழித் தேர்வு மறு வருடம் சித்திரையில் நடந்தது. நான் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். புதிய ஐந்தாம் அத்தியாயம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அறிக்கையிலேயே தெரிந்தது. ஷமீமாவும் கற்பகமும் இன்னும் சில பிள்ளைகளும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜேஸ்வரி முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினாள். முடித்ததும் அவர் ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நாற்பத்தொன்று என்று ஒரு வரிசை வைத்திருக்கிறீர்கள். மற்ற வரிசையிலெல்லாம் ஓர் ஆள். இதில் எத்தனை பேர்?"

"சரியான எண்ணிக்கை தர முடியாது சார்."

"ஆராய்ச்சியில் அப்படிச் சொல்லலாமா? எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி எழுதினீர்கள்?"

இத்தனை பாடும் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும் போலிருந்தது. ராஜேஸ்வரி ஒரு நிமிடம் பின்வரிசையைப் பார்த்தாள். அதுவரை கட்டிக் காத்த மேடைத் தமிழ் அவளிடமிருந்து போய்விட்டது.

"அது அன்னைக்கி பஸ்ஸுல எத்தன பேருக்கு எடம் கெடைக்கலங்கிறதப் பொறுத்தது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கத்தை மறுபடி, மெதுவாக வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். எப்போது கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்த ராஜேஸ்வரியின் பை, கற்பகத்தின் மடியில் இருந்தது.